பச்சை நூல், மூணு தையல்

...மூணே மூணு தையல் தம்பி! என் சுண்டு விரல் நகத்துல பாதி இருக்குமா அது? அதுக்குப் போயி ஊரே ரெண்டா பிரிஞ்சு நிக்குது! நேத்து பக்கத்து மருந்துக்கடைக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். அங்க நாலு பேரு, வாங்க வந்தத மறந்துட்டு, நூலப் பத்தி சண்டை போட்டுட்டு இருக்காங்க. அவதான் தச்சாங்கறான் ஒருத்தன். இல்ல, அவன்தான் தச்சு நாடகம் ஆடறான்ங்கறா ஒருத்தி. கடைக்காரர் சில்லறை குடுக்காம அவரும் ஒரு கட்சில சேந்துட்டார். மாத்திரை கைக்கு வர்றதுக்குள்ள என் தலைவலி டபுள் ஆயிடுச்சு.

உக்காருங்க, ஏன் நின்னுக்கிட்டே... அந்த ஸ்டூல் ஆடும், சுவத்தோட சாச்சுப் போட்டுக்கங்க. ஒரே ஒரு சட்டைதானே? பத்து நிமிஷம். இஸ்திரிப் பெட்டி சூடாகட்டும். என்ன தம்பி, முகமூடி, தொப்பி எல்லாம்? சளியா? சரி சரி, தலைய மட்டும் ஆட்டுங்க போதும், தொண்டைக்கு ரெஸ்ட் குடுங்க. பேசறதுக்கு நான் இருக்கேன்.

தொப்பி அழுக்கா இருக்கே, கழட்டிக் குடுத்தா ஒரு அலசு அலசி... வேணாமா? சரி, வேணாம். எதுக்கு அப்படி ரெண்டு கையாலயும் புடிச்சுக்கறீங்க, நான் என்ன புடுங்கியா எடுக்கப் போறேன்?

எந்த வீட்டப் பத்தி சொல்றேன்னு பாக்கறீங்களா? எதிர்ல பாருங்க. அந்தத் தகரச் சுவர், நீல பெயிண்ட் அடிச்ச கேட்டு. அதான் அந்த வீட்டோட பின்வாசல். டிவில முன்வாசலக் காட்டறப்ப என்னா வெளிச்சம், என்னா கம்பளம்! பின்னாடி வந்து பாத்தா குப்பை வண்டி, தண்ணி லாரி, அப்புறம் என் துணிக்கூடை. ஒன்பது பேர உள்ள போட்டுப் பூட்டி, சுவர் பூரா கேமரா வச்சு, சண்டை போடுங்க, காதல் பண்ணுங்க, நாங்க வேடிக்கை பாக்கறோம்னு விட்டுட்டாங்க. சரி, நல்லாப் பண்ணட்டும். ஆனா சண்டை போட்டாலும் வேர்க்கும், காதல் பண்ணாலும் வேர்க்கும். அந்தத் துணிய யாரு தொவைக்கறது? நான்தான். நானும் என் நாத்தனாரும். அதோ உள்ள மெஷின் சத்தம் கேக்குதில்ல, அவதான். காது கொடுத்துக் கேக்கமாட்டா, ஆனா எல்லாம் கேட்டுருவா.

ஆனா ஒண்ணு தம்பி, அந்த வீட்டப் பத்தி நான் யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். நாலு பக்கம்! உள்ள நடக்கறது வெளிய போகக் கூடாது, வெளிய நடக்கறது உள்ள போகக் கூடாது. பாக்கெட்டுல துண்டுக் காயிதம் கெடந்தாக் கூட படிக்காம ஒப்படைச்சுடணும். அதனால நான் எதையும் யார்கிட்டயும் சொல்றதில்ல. இப்ப பாருங்க, உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னேனா?

ம், சூடாயிடுச்சு. சட்டைன்னா முதல்ல காலர்தான் தேய்க்கணும். காலர், தோள்பட்டை, கை, அப்புறம் உடம்பு. என் வீட்டுக்காரர் எனக்கு இந்தப் பெட்டியப் புடிக்கக் கத்துக் குடுத்த நாள்லேருந்து அதான் வரிசை. ஆனா இன்னிக்கு காலரக் கடைசியா வச்சுக்கறேன். ஏன்னு கேக்காதீங்க... நீங்க எங்க கேக்கறீங்க, நான்தான் சொல்லிக்கறேன்.

நல்ல சட்டை. நீலக் கட்டம். ஒரு பட்டன் காணோமே, பாத்தீங்களா? மேலேருந்து ரெண்டாவது. நூலோட பிய்ஞ்சு போயிருக்கு. கதவுல மாட்டிக்கிச்சா? ஓ... கதவுதானா. ரொம்பக் கோவக்காரக் கதவா இருக்கும் போல.

என்ன சொல்லிட்டு இருந்தேன்... ஆங், கேமரா. அறுபது கேமரா வச்சிருக்கோம்னு பீத்திக்கறாங்க. அந்த அறுபதுக்கும் தெரியாதது என் அழுக்குக் கூடைக்குத் தெரியும் தம்பி. இப்ப ஏழாம் நம்பர எடுத்துக்கங்க. பேரெல்லாம் எனக்கு மனசுல நிக்காது, துணிப் பை நம்பர்தான். ஏழுன்னா அந்தப் பல்பொடி விளம்பரத்துல வந்து சிரிக்குமே, அந்தப் பொண்ணு. அழகுதான், இல்லேங்கல. மூணாவது வாரம் தோட்டத்துல உக்காந்து கைக்குட்டைய மூஞ்சில பொத்திக்கிட்டு ஓன்னு அழுதுச்சு பாருங்க... என் நாத்தனாரெல்லாம் இங்க மூக்கச் சிந்திக்கிட்டு உக்காந்திருந்தா. மறுநாள் அந்தக் கைக்குட்டை கூடையில வருது. நான் தேய்ச்சு நாலா மடிச்சு அனுப்பின மடிப்பு, அப்படியே இருக்கு தம்பி! கலையவே இல்ல! தொவைக்காமலே திருப்பி அனுப்பியிருக்கலாம்.

அதே கூடையில அஞ்சாம் நம்பர் கைக்குட்டை. அந்த நர்ஸ் பொண்ணு. அது என்னிக்காச்சும் டிவில அழுது பாத்திருக்கீங்களா? எப்பப் பாரு அடுப்படி. இல்லாட்டி யாருக்காச்சும் கால் சுளுக்கினா கட்டுப் போட்டுட்டு இருக்கும். அதுக்கு ஓட்டுப் போடக் கூட ஆளு கெடையாது. ஆனா அந்தக் கைக்குட்டைய உள்ளங்கைக்குள்ள வச்சுக் கசக்கிக் கசக்கி, பந்து மாதிரி வந்துச்சு. பிரிக்கவே முடியல. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. ஒரு வீட்டுல ஒருத்தி சத்தமா அழுதா, கைக்குட்டை நனையல, ஒருத்தி சத்தமில்லாம அழுதுருக்கா.

அப்புறம் மூணாம் நம்பர். லிஃப்ட் ரிப்பேர் பண்றவராம். தாடியும் கீடியுமா... ம்ம். உங்க விரல்ல அது என்ன, கிரீஸ் கறையா? எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சா போயிடும். சரி, அந்த மூணும் ஏழும்தான் ஜோடின்னு டிவிக்காரங்க முடிவு பண்ணிட்டாங்க. அது இவர் தோள்ல சாயறதும், பின்னாடி பாட்டுப் போடறதும்... எனக்குப் பொறுக்கல தம்பி. ஏன் பொறுக்கலேன்னா, நான் சட்டையப் பாக்கறவ. ஒரு பொண்ணு தோள்ல சாஞ்சா மூஞ்சில பூசினது சட்டைல ஒட்டணுமா இல்லியா? ஒட்டலையே! மேக்கப்பு கலையக் கூடாதுன்னு ஒரு விரக்கடை எடம் விட்டுச் சாஞ்சிருக்கு! அப்படி ஒரு சாய்வ நான் பாத்ததே இல்ல.

அவர் சட்டைல வேற ஒண்ணு இருந்துச்சு. முழங்கைக்கு மேல, மாவு. நாலு விரல். அடுப்படில நின்னுக்கிட்டு எடத்த அடைச்சா, தள்ளுங்கன்னு ஒரு கை தள்ளும் பாருங்க, அந்த விரல். ஒரு நாள் இல்ல, வாரத்துக்கு மூணு நாள். ஒரு மனுஷன் வாரத்துக்கு மூணு நாள் அதே எடத்துல போய் நின்னு தள்ளு வாங்கறான்னா, அவனுக்கு எடம் தெரியாமலா? டிவில இது ஒண்ணக் கூட காட்டல. மாவுக்கு என்ன பாட்டுப் போடறது?

என்ன தம்பி கேட்டையே பாக்கறீங்க? நாலு மணிக்குத்தான் தொறப்பாங்க. இன்னும் நேரம் இருக்கு.

இப்ப நூலுக்கு வரேன். துணிக்குக் குறி போடணும்ல, யாரு துணி எதுன்னு. எல்லா லாண்டரிலயும் மை வச்சு நம்பர் போடுவாங்க. நானும் அப்படித்தான் போட்டேன். அன்னிக்கே ஃபைலத் தூக்கிக்கிட்டு அந்த நிகழ்ச்சி மேனேஜர் ஓடி வந்தார். காலர்ல நம்பர் கேமரால தெரியுதும்மா, ஜெயில் மாதிரி இருக்குன்னார். பின்ன அது என்ன, கல்யாண மண்டபமா? சரின்னு ஆளுக்கு ஒரு கலர் நூல். காலர் பட்டைக்கு உள்பக்கம், மூணு தையல். மூணுக்குச் சிவப்பு. அஞ்சுக்குப் பச்சை. ஏழுக்கு ஊதா. அதனால முதல் தப்பு யாரோடது? அந்த மேனேஜரோடது! மைல போட்டிருந்தா ஒரு வம்பும் இல்ல.

ரெண்டாவது தப்பு இதோ உள்ள இருக்காளே, என் நாத்தனார், அவளோடது. சிவப்பு நூல்கண்டு தீரப் போகுது, வாங்கிட்டு வாடின்னு திங்கக்கிழமை சொன்னேன். செவ்வா சொன்னேன். புதன்கிழமை காலைல மூணாம் நம்பருக்குப் புதுச் சட்டை வந்து நிக்குது, சிவப்பு நூல் ஒரு முழம் இல்ல. கூடைக்கு ஆளு வந்து வாசல்ல நின்னு கத்தறான். ஊசில பச்சை கோத்திருந்துச்சு. சரி, இப்போதைக்குப் பச்சையப் போட்டு அனுப்புவோம், அடுத்த தொவையலுக்கு வந்தா பிரிச்சுட்டு மாத்திக்கலாம்னு போட்டு அனுப்பிட்டேன். அவசரத்துக்கு எங்க தொழில்ல பண்றதுதான் தம்பி. இருக்கற நூலப் போடு, அப்புறம் பாத்துக்கலாம். எத்தனை வருஷமாப் பண்ணியிருக்கேன், ஒருத்தரும் காலரத் திருப்பிப் பாத்ததில்ல.

ஆனா இவங்க பாத்தாங்களே! உள்ள கடிகாரம் கெடையாது, பேப்பர் கெடையாது, ஃபோன் கெடையாது. பாவம், பொழுது போகாம என் நூலப் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. சிவப்பு யாரு, பச்சை யாருன்னு ஒன்பது பேருக்கும் மனப்பாடம். அந்த வியாழக்கிழமை நிகழ்ச்சிய நான் பாத்தேன். மூணாம் நம்பர் புதுச் சட்டைய எடுக்கறார். காலரத் திருப்பறார். பச்சை! அப்படியே நின்னுட்டார். மெதுவா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பாத்தார். அங்க அந்தப் பொண்ணு முட்டைக்கோஸ் நறுக்கிட்டு இருக்கு, ஒண்ணும் தெரியாம. அதுதானே காயத்துக்கெல்லாம் தையல் போடற பொண்ணு, ஊசி நூல் வச்சிருக்கற பொண்ணு. இவர் என்ன நெனைப்பார்? தன் நூல நம்ம சட்டைல தச்சு வச்சிருக்கா, கேமராவுக்குத் தெரியாம சேதி சொல்லியிருக்கான்னுதானே?

அந்த மூஞ்சில ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க தம்பி... கையில தண்ணி டம்ளர் வச்சிருந்தேன், குடிக்க மறந்துட்டேன். அதுவரைக்கும் ஒரு தட்டுக் கழுவாத ஆளு, அன்னிக்குப் பூராப் பாத்திரமும் கழுவினார். அடுக்கி வச்சதையும் எடுத்துக் கழுவினார்!

இதுவரைக்கும் தெரியாம நடந்தது. சத்தியமா. இதுக்கப்புறம்...

இருங்க, கையத் தேய்ச்சுக்கறேன். இந்த மடிப்பு சரியா விழல.

...இதுக்கப்புறம் நூல்கடைக்காரன் தப்பு. ஆமா! சிவப்பு நூல் குடுத்தான், நாத்தனார் வாங்கிட்டும் வந்தா, ஆனா அது... சாயம் போற மாதிரி இருந்துச்சு. அதனால நான் மறுபடியும் பச்சையே... என்ன அப்படிப் பாக்கறீங்க? சாயம் போகாதா? சரி, போகல! நல்ல நூல்தான்! கெட்டிச் சாயம்! நான்தான் போட்டேன். வேணும்னேதான் போட்டேன். போதுமா?

அடுத்த வாரமும் பச்சை. அதுக்கடுத்த வாரமும் பச்சை. அதோட விட்டிருந்தா நான் மனுஷி. அஞ்சாம் நம்பரோட வெள்ளைக் கோட்டு ஒண்ணு தொவையலுக்கு வந்துச்சு. அதுல போய் சிவப்பு நூலு தச்சேன். அதுவும் எப்படி? என் கைக்குத் தையல் தானா நேராத்தான் வரும். ஊசியே புடிக்காத ஆம்பளை தச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சு, கோணலும் மாணலுமா, ஒரு தையல் நீளமா, ஒரு தையல் குட்டையா, பின்னாடி பெரிய முடிச்சாப் போட்டு... அரை மணி நேரம் ஆச்சு தம்பி, அசிங்கமாத் தைக்கறதுக்கு!

அதப் பாத்து அந்தப் பொண்ணு சிரிச்சுச்சு. ஆறு வாரத்துல முத தடவை. கோட்டக் கட்டில்ல போட்டு, ஒரு விரலால அந்த முடிச்சத் தடவிப் பாத்துச்சு. அன்னிக்கு நான் என்னமோ பெரிய காரியம் பண்ணிட்ட மாதிரி கடையெல்லாம் தலைகால் புரியாம நடந்தேன். நாத்தனார் கேட்டா, அண்ணி என்ன, ஏதாச்சும் விசேஷமான்னு. எனக்கு வேற என்ன தம்பி இருக்கு? காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஊரான் அழுக்கு. ஒரு நல்லது என் கையால நடக்குதேன்னு ஒரு... ஒரு ஆசை.

அது எங்க போய் முடிஞ்சுச்சுன்னு உங்களுக்குச் சொல்லணுமா என்ன. டிவி பாத்திருப்பீங்க. நீங்க... எங்கேயாச்சும் இருந்து பாத்திருப்பீங்க.

போன புதன்கிழமை ஏழாம் நம்பர் கண்ணுல பட்டுடுச்சு. காலரத் திருப்பிப் பாத்துட்டு, எல்லார் முன்னாடியும் சட்டையப் புடிச்சு ஒரு இழு! பட்டன் எகிறிப் போச்சு. என்னைய வச்சு விளையாடறியா, இது யாரு நூலுன்னு ஒரே கத்து. மத்த பேரெல்லாம் சுத்தி நின்னுட்டாங்க. மூணாம் நம்பர் என்ன பண்ணார்? நேரா அந்த நர்ஸ் பொண்ணுகிட்டப் போனார். நல்ல நோக்கத்துலதான் போனார், நான் தப்பு சொல்ல மாட்டேன். நீயே சொல்லிடு, நீதானே தச்சே, எனக்கு இதுல வெக்கம் இல்லேன்னார். அது என்ன சொல்லும்? தைக்காதத எப்படித் தச்சேன்னு சொல்லும்? நான் தைக்கலைன்னுச்சு. இவர் மூஞ்சி விழுந்து போச்சு. அப்புறம் அது கோட்ட எடுத்து நீட்டுச்சு, அப்ப இது யாரு தச்சான்னு. இவர் பாத்துட்டு, நான் இல்லேன்னார். அதுவும் நெசம்தானே!

ரெண்டு பேரும் சத்தியமா நெசத்தத்தான் சொன்னாங்க தம்பி. ஆனா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து, கேமராவுக்குப் பயந்து பொய் சொல்றே, ஊரு முன்னாடி என்னைக் கேவலப்படுத்தறேன்னு... நான் இங்க டிவி முன்னாடி எந்திரிச்சு நின்னு, நான்தான், நான்தான், நான் தச்சதுன்னு கத்தறேன். டிவிக்குக் காது இருக்கா? நாத்தனார் வந்து என்னைப் புடிச்சு உக்கார வச்சா.

மறுநாள் மேனேஜர் வந்தார். தொலைஞ்சோம்னு நெனைச்சேன். ஒப்புக்கிட்டேன் தம்பி, நான்தாங்க போட்டேன், உள்ள சொல்லிடுங்கன்னேன். அவர் சிரிக்கறார்! அம்மா, நிகழ்ச்சி இவ்வளவு நல்லாப் போனதே இல்ல, நாலு பக்கத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க, உள்ளேயும் சொல்லக் கூடாது, வெளியேயும் சொல்லக் கூடாது, வாய மூடிக்கிட்டு தொவைங்கன்னுட்டுப் போயிட்டார். தொவைச்சேன். வேற என்ன பண்றது?

ஞாயித்துக்கிழமை ஓட்டுல மூணாம் நம்பர வெளிய அனுப்பிட்டாங்க. மேடைல நிகழ்ச்சி நடத்தறவர் மைக்க நீட்டறார். அப்ப அவர் சொன்னாரே ஒரு வார்த்தை! அந்த வீட்டுல ஒரு பெரிய நடிகை இருக்காங்க, அது விளம்பரத்துல நடிக்கறவங்க இல்லேன்னு! உள்ள உக்காந்திருக்கற அந்தப் பொண்ணுக்கு அத டிவில போட்டுக் காட்டறாங்க. அது அப்பவும் அழல. எந்திரிச்சுப் போய் அடுப்படில தண்ணி குடிச்சுச்சு. திங்கக்கிழமை கைக்குட்டை வந்துச்சு... வேணாம் தம்பி, அதப் பத்தி நான் சொல்லல. நீங்க ஏன் தலையக் குனிஞ்சுக்கறீங்க? நீங்களா சொன்னீங்க?

அந்தப் பொண்ணு பொய் சொல்லல. ஒரு வார்த்தை பொய் சொல்லல. மாவு விரல் வச்சது அது. நூல் வச்சது நான். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாமத்தான் அவ்வளவு பெரிய வார்த்தை வந்துடுச்சு.

இன்னிக்குக் காலைல கூடை வந்துச்சு. கூட ஒரு சீட்டு. அஞ்சாம் நம்பர் பைய மட்டும் உள்ள அனுப்ப வேண்டாம், நாலு மணிக்குப் பின்வாசல்ல குடுத்துடவும்னு. பைய வாசல்ல குடுன்னா என்ன அர்த்தம்? அது வீட்ட விட்டுப் போகுது. ஓட்டுல போகல, தானாப் போகுது. நாளைக்குத்தான் டிவில சொல்லுவாங்க. எனக்கு இன்னிக்கே தெரியும். உங்களுக்கும் எப்படியோ தெரிஞ்சிருக்கு... இல்ல இல்ல, பொதுவாச் சொன்னேன். கேட்டுக்கு நேரா ஸ்டூலத் திருப்பிப் போட்டு உக்காந்திருக்கீங்களே, அதனால சொன்னேன்.

அந்தப் பைல இருந்த வெள்ளைக் கோட்டத் தொவைக்கப் போடறதுக்கு முன்னாடி பாக்கெட்டுல கை விட்டேன். எப்பவும் பாப்போம், பேனா கீனா இருந்தா மெஷினுக்கு ஆகாது. ஒரு பட்டன் இருந்துச்சு. கரு நீலப் பட்டன். ஓரத்துல லேசா ஒடஞ்சது. போன வியாழக்கிழமையே அது அந்தப் பாக்கெட்டுல வந்துச்சு, எடுத்து வச்சு, தொவைச்சுட்டு திருப்பிப் போட்டு அனுப்பினேன். திங்கக்கிழமை மறுபடியும் வருது. இன்னிக்கும் வருது. பொய்க்காரின்னு ஊரே சொல்லுது, சொன்ன ஆளோட பட்டன அது மூணு கோட்டு மாத்தி மாத்திப் போட்டு வச்சிருக்கு. என்ன பொண்ணு தம்பி அது!

சரி. கை முடிஞ்சுது, உடம்பு முடிஞ்சுது. இப்ப காலர்.

திருப்பறேன்.

ம். பச்சை. மூணு தையல்.

ஐயோ, உக்காருங்க, உக்காருங்க, ஸ்டூல் ஆடும்னு சொன்னேன்ல! நீங்க உள்ள வந்து இந்தச் சட்டைய மேஜைல போட்டீங்களே, அப்பவே தெரியும். தாடிய எடுத்துட்டீங்க, தொப்பி போட்டீங்க, முகமூடி போட்டீங்க. சட்டைக்கு யாரு முகமூடி போட்டா? ஏழு வாரம் என் கையால தொவைச்சவ நான். மனுஷன் மூஞ்சி எனக்கு மறந்து போகும், துணி மறக்காது.

பின்ன ஏன் முதல்லயே சொல்லலைங்கறீங்களா? கையெழுத்துப் போட்டிருக்கேனே! மூணாம் நம்பர்கிட்டப் பேசினேன்னு தெரிஞ்சா மேனேஜர் கொன்னுடுவார். நான் யார்கிட்ட பேசினேன்? சளி புடிச்ச ஒரு வாடிக்கைக்காரர் சட்டை தேய்க்க வந்தார். சும்மா பேச்சுக் குடுத்தேன். கடைன்னா பேச மாட்டாங்களா?

மன்னிச்சுக்கங்க தம்பி. விளையாட்டாச் சொல்லிட்டு இருந்தாலும் மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. உங்களையும் பொய்யன் ஆக்கினேன், அவளையும் பொய்க்காரி ஆக்கினேன். என்னை நாலு வார்த்தை திட்டணும்னா திட்டுங்க, ஆனா சீக்கிரம் திட்டுங்க, மணி நாலாகப் போகுது.

திட்டலையா? அப்ப இந்தாங்க, இந்தப் பை. அஞ்சாம் நம்பர். கேட்டுல கொண்டு போய்க் குடுக்கணும், எனக்கு முழங்கால் வலி. இன்னிக்குன்னு பாத்து வந்துடுச்சு. கோட்டு மேலாக இருக்கு, வலது பாக்கெட்டு. பட்டன நான் எடுத்து வச்சுக்கல. அது எங்க இருந்துச்சோ அங்கயே இருக்கு. கேட்டு வாங்கிக்கங்க.

சட்டை சூடா இருக்கு, ஆறட்டும்... அட, போட்டுக்கிட்டாரே! சுடலையா? அந்தப் பட்டன நான் தச்சுத் தர மாட்டேன், சொல்லிட்டேன்! எங்கிட்ட வராதீங்க! அவ நர்ஸு, தையல் போடத் தெரியும்! தம்பி, தொப்பி! தொப்பிய விட்டுட்டு... போயிட்டார். கூலி கூடக் குடுக்கல. போகட்டும்.

ஏய், இங்க வாடி. மெஷின விட்டுட்டு ஓடி வா. கேட்டு தொறக்கறாங்க. அதோ பாரு, பொட்டியத் தூக்கிக்கிட்டு வருது. இவர் குறுக்க போய் நிக்கறார். எடத்த அடைச்சுக்கிட்டு நிக்கறதுல மட்டும் அப்படியே இருக்கார்... அது ஒதுங்கிப் போகுது. ஐயோ போகுதுடி! பேசுய்யா, வாயத் தொறந்து பேசேன், முகமூடியக் கழட்டு! ஆங், கழட்டிட்டார். ஏதோ சொல்றார். இந்தப் பக்கம் கையக் காட்டறார். குனிடி, குனி! என்னைத்தான் காட்டறார்!

...இப்ப பாரு. மெதுவாப் பாரு. பைய வாங்கிருச்சு. கோட்டுப் பாக்கெட்டுல கை விடுதா? எடுத்துருச்சா? எடுத்துருச்சு. அவர் கையில குடுக்கல... திரும்பப் பாக்கெட்டுலயே போட்டுக்கிச்சு! ஏன்டி குடுக்கல? ...ஓ. அவரத் தள்ளுது. கையால, முழங்கைக்கு மேல. தள்ளுங்கன்னு. அவர் சிரிச்சுக்கிட்டுப் பொட்டியத் தூக்கிக்கிட்டு நடக்கறார், அதுவும் கூடவே போகுது.

எனக்கு ஒண்ணும் இல்ல. ஆவிடி, இஸ்திரி ஆவி கண்ணுல பட்டுடுச்சு. நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத, உன்னை ரெண்டாவது தப்புன்னு சொன்னதெல்லாம் மனசுல வச்சுக்காத. தப்பெல்லாம் என்னோடதுதான். இனிமே ஒழுங்கா அவங்கவங்க கலர், அவங்கவங்க காலர். மேனேஜர்கிட்டயும் நாளைக்கு நானே சொல்லிடறேன்.

சரி, வா, மிச்சக் கூடைய முடிப்போம். எடு, யாருது அது? ரெண்டாம் நம்பரா? அந்த உடற்பயிற்சி வாத்தியாரு... ஏழுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாதாமே, பாத்தாலே சீறிக்கறாங்களாமே? ம். ஆனா ஏழோட கைக்குட்டை இன்னிக்கு வந்துச்சு பாத்தியா? மடிப்பு கலைஞ்சிருக்கு. நெசமாவே கலைஞ்சிருக்குடி. அதுவும் பாவம், தனியாத்தானே கெடக்குது உள்ள.

ஊதா நூல் எங்க வச்சே? ...சும்மா. சும்மா பாக்கத்தான் கேக்கறேன். குடு.